சூப்பர் பவுல் இரவு: தெருமுனை பாரா, நண்பர் வீட்டு பேஸ்மென்ட்டா, டிக்கெட் பார்ட்டியா?

அமெரிக்கன் ஃபுட்பாலின் என்எஃப்எல் லீக் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், 2027இல் பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை. லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய இங்கிள்வுட்டில், சோஃபை ஸ்டேடியத்தில் நடக்கிறது. பிலடெல்பியாவிலும் சுற்றுவட்டார ஊர்களிலும் இருக்கும் நமக்கு ஆட்டம் வழக்கம்போல் மாலை ஆறரை மணி வாக்கில் தொடங்கி, பத்து, பத்தேகாலுக்கு முடியும். மறுநாள் பிரசிடென்ட்ஸ் டே. பள்ளிகள் பெரும்பாலும் விடுமுறை, பல ஆபீஸ்களும் விடுமுறை. "காலையில் ஸ்கூல் இருக்கு" என்று ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவது குவார்ட்டரிலேயே பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கிளம்புகிற அவசரம் இந்த முறை இல்லை. ஆனால் அன்றைக்கே காதலர் தினமும் வருகிறது. ரெஸ்டாரன்ட் மேஜைகளுக்கு இரண்டு கூட்டம் மோதும். அதனால் எங்கே பார்ப்பது என்பதை முன்கூட்டியே யோசிப்பது நல்லது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் அணியான ஈகிள்ஸ் ஆடினால் தெருமுனை பார். ஈகிள்ஸ் ஆடாவிட்டால், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தால், யாராவது ஒருவர் வீடு. டவுன்டவுன் டிக்கெட் பார்ட்டி ஒரே ஒரு வகைக் கூட்டத்துக்குத்தான் பொருந்தும்.

இந்த விளையாட்டை எங்கே உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? ஆட்டத்தின் அமைப்பு அப்படி. கடிகாரத்தில் 60 நிமிடம்தான். ஆனால் சூப்பர் பவுல் ஒளிபரப்பு நாலு மணி நேரத்தைத் தொடும். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2010இல் சாதாரண ஆட்டங்களை ஸ்டாப் வாட்ச் வைத்துக் கணக்கிட்டபோது, பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் 11 நிமிடம் என்று வந்தது. ஒரு பிளே, அதாவது பந்தை முன்னே நகர்த்தும் ஒரு முயற்சி, முடிந்து அடுத்தது தொடங்க 40 நொடி அவகாசம் உண்டு. அதற்கு மேல் டைம் அவுட், ரீப்ளே, விளம்பரம், பாட்டும் நடனமுமாக அரை மணி நேரம் வரை இழுக்கும் ஹாஃப் டைம் இடைவேளை. நம் ஊரில் கிரிக்கெட் பார்க்கும்போது ஓவருக்கு ஓவர் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஃபீல்டிங் ஏன் மாறியது என்று சொல்லித் தருவாரே, இந்த ஆட்டத்தில் அந்த இடைவெளி 40 நொடிக்கு ஒருமுறை வருகிறது. அந்த இடைவெளியில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய இரவைத் தீர்மானிக்கிறது. திரை 55 இன்ச்சா 120 இன்ச்சா என்பது அதற்குப் பிறகுதான்.

தெருமுனை பார்

நான் சொல்வது பெரிய ஸ்போர்ட்ஸ் பார் அல்ல. சவுத் பிலடெல்பியாவிலும் ஃபிஷ்டவுனிலும் மனயங்கிலும் வரிசை வீடுகளின் மூலையில், ஒரு நியான் விளக்கோடு இருக்கும் சின்ன பார். உள்ளே நீளமான கவுன்டர், மூன்று நாலு டிவி, பின்னால் சில மேஜைகள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் அதே தெருக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தால், ஈகிள்ஸை மனதில் வைத்து, "கோ பேர்ட்ஸ்" என்பார்கள். இந்த ஊரில் அதற்கு வணக்கம், நலமா, போய் வருகிறேன் எல்லாமே அர்த்தம்.

இவர்களுடைய காத்திருப்பைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இடம் வேறு மாதிரித் தெரியும். ஈகிள்ஸ் 1960இல் கிரீன் பே பேக்கர்ஸை 17-13 என்று வென்று சாம்பியன் ஆனது. அப்போது சூப்பர் பவுல் என்பதே கிடையாது. முதல் சூப்பர் பவுல் 1967 ஜனவரியில்தான். அதற்குப் பிறகு 1981இல் இறுதி வரை போய் ரெய்டர்ஸிடம் தோற்றார்கள். 2005இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் மூன்றே பாயின்ட்டில் தோற்றார்கள். 2018 பிப்ரவரியில்தான் அதே பேட்ரியட்ஸை 41-33 என்று வீழ்த்தி முதல் சூப்பர் பவுலைத் தொட்டார்கள். 57 ஆண்டுகள். அப்பாவும் தாத்தாவும் பார்க்காமலே போய்ச் சேர்ந்த வெற்றி அது. அந்த வெற்றி ஊர்வலத்துக்குப் பெற்றோரின் அஸ்தியையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கவுன்டரில் உங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அறுபது வயதுக்காரரிடம் 2018 பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதல் பாதியின் கடைசியில் ஃபோர்த் டவுனில், அதாவது நாலாவது, கடைசி முயற்சியில், வழக்கமாகப் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸே அதைப் பிடித்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் டச் டவுன் போட்டதையும், இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் மீதி இருக்கும்போது ஈகிள்ஸின் பிராண்டன் கிரஹாம் பேட்ரியட்ஸ் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டதையும், அன்று எந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்பதோடு சேர்த்துச் சொல்வார்.

ஆட்டம் புரியாதவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. நம் ஆட்கள் பலர் பத்து, பதினைந்து வருடம் இந்த ஊரில் இருந்தும், "அது என்னமோ முட்டிக்கிட்டே இருக்காங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஃபோர்த் டவுனில் ஏன் உதைக்காமல் துணிகிறார்கள், எதிராளியைப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங் என்று நடுவரின் மஞ்சள் துணி ஏன் விழுகிறது, குவார்ட்டர்பேக்கைப் பின்னாலிருந்து மொத்தமாகத் தள்ளும் டுஷ் புஷ் பிளேயை ஏன் மற்ற அணிகள் தடை செய்யப் பார்த்தன என்று கேளுங்கள். 2025 மே மாதம் அந்தத் தடைக்கு 32 அணிகளில் 22 வாக்குதான் கிடைத்தது, தேவை 24 என்பதை பாரில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் உங்களுக்கு விளக்குவார்கள். கேட்கிற ஆளை இந்த ஊர்க்காரர்கள் விடுவதில்லை.

"நாங்கள் குடிக்க மாட்டோம், பாரில் எங்களுக்கு என்ன வேலை?" என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. தாராளமாகப் போகலாம். ஜிஞ்சர் ஏல், கிளப் சோடாவில் எலுமிச்சை, ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் கிடைக்கும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கு பார் டெண்டருக்கு ஒவ்வொரு ஸ்டூலும் வருமானம். நாலு மணி நேரம் ஒரு கோக்கை வைத்துக்கொண்டு உட்காராமல், அவ்வப்போது ஏதாவது வாங்குங்கள். குடிப்பவர் வைக்கும் அதே அளவு டிப்ஸ் வையுங்கள். ஒவ்வொரு டிரிங்க்குக்கும் ஒன்றிரண்டு டாலர், கடைசியில் மொத்த பில் என்றால் 20 சதவீதம். பிலடெல்பியா நகர எல்லைக்குள் மதுவுக்கு 10 சதவீதம் நகர வரி உண்டு. புறநகரில் அது கிடையாது.

சாப்பாடு விஷயத்தில் சைவர்களுக்கு பார் கஷ்டம்தான், மறைக்க வேண்டியதில்லை. சூப்பர் பவுல் என்றால் சிக்கன் விங்ஸ். 2025 ஆட்டத்துக்கு அமெரிக்கர்கள் 147 கோடி விங்ஸ் சாப்பிடுவார்கள் என்று தேசிய சிக்கன் கவுன்சில் மதிப்பிட்டது. அந்த விங்ஸ் பொரிக்கும் எண்ணெயிலேயே உருளைக்கிழங்கையும் பொரிப்பார்கள். தனி ஃப்ரையர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள். பிலடெல்பியா சாஃப்ட் பிரெட்ஸல் பொதுவாக நம்பலாம். சீஸ்ஸ்டேக் மாட்டிறைச்சி என்பது எல்லோருக்கும் தெரியும். 'கிராப் ஃப்ரைஸ்' என்று பெயர் பார்த்து ஒதுக்க வேண்டாம், அதில் நண்டு இல்லை, நண்டுக்குப் போடும் மசாலா மட்டும்தான். ஆனாலும் எண்ணெய்க் கேள்வி அதற்கும் உண்டு. சுத்த சைவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவதே நிம்மதி.

இடம் பிடிப்பதற்கு ரிசர்வேஷன் கிடையாது. ஈகிள்ஸ் ஆடும் வருடம் என்றால் மதியம் இரண்டு மூன்று மணிக்கே ஸ்டூல்கள் நிரம்பிவிடும். ஆறு மணிக்குப் போனால் சுவரோரமாக நாலு மணி நேரம் நிற்க வேண்டும். வழக்கமாக வருகிறவர்களின் இடம் எது என்று பார் டெண்டரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பச்சை நிறத்தில் ஏதாவது போட்டுக்கொண்டு போனால் போதும், ஜெர்சி கட்டாயம் இல்லை. எதிரணி ஜெர்சியோடு இந்த ஊர் பாருக்குள் போக வேண்டாம். பெண்கள் முதன்முறை போவதாக இருந்தால், தெரிந்த பகுதியில், சாப்பாடும் பரிமாறும் பாராக, இரண்டு மூன்று பேராகப் போவது எனக்குச் சரியாகப் படுகிறது. உள்ளே நுழைந்து, ஜெர்சி போட்ட பாட்டிகள் முதல் வரிசையில் உட்கார்ந்து நடுவரைத் திட்டுவதைப் பார்த்ததும் பாதித் தயக்கம் போய்விடும்.

தோற்கும் இரவுக்கும் பார்தான் நல்ல இடம் என்பேன். 2023 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 38-35 என்று தோற்ற இரவு. ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, கடைசி இரண்டு நிமிடத்துக்குள் ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி மீது ஹோல்டிங் கொடுத்தார்கள். நாடே நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, பிராட்பெரி தானே ஜெர்சியை இழுத்ததாக ஒப்புக்கொண்டார். நான் இருந்த பாரில் சில நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு யாரும் அவசரமாகக் கிளம்பவும் இல்லை. முன்பின் தெரியாதவர்கள் தோளில் தட்டிக்கொண்டார்கள். வீட்டில் பார்த்திருந்தால் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருப்போம். இந்த ஊரோடு நமக்கு ஒரு உறவு வேண்டும் என்றால் அது அந்த மாதிரி இரவில்தான் உண்டாகிறது. நம் ஆட்களின் வரவேற்பறைகளுக்குள்ளேயே இருபது வருடம் சுற்றிக்கொண்டிருந்தால் அது கிடைக்காது.

ஜெயித்தால் ஊர் முழுக்க பிராட் தெருவுக்கு வந்துவிடும். 2018இல் விளக்குக் கம்பங்களில் ஏறாமல் இருக்க வழுக்கும் எண்ணெய் தடவினார்கள், அதையும் மீறி ஏறினார்கள். ஒரு ஹோட்டல் வாசல் பந்தலின் மேல் கூட்டமாக ஏறி அது சரிந்தது. அந்தக் கொண்டாட்டத்தை சிட்டி ஹால் அருகே தூரத்தில் நின்று பார்ப்பது மறக்க முடியாத அனுபவம். நடுவில் போய் மாட்டிக்கொள்வது வேறு. காரை டவுன்டவுனான சென்டர் சிட்டியில் விட்டிருந்தால் நள்ளிரவு வரை எடுக்க முடியாது.

நண்பர் வீடு

நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுதான். எக்ஸ்டனிலோ கிங் ஆஃப் பிரஷியா பக்கமோ பெரிய பேஸ்மென்ட் உள்ள ஒரு நண்பர், ப்ரொஜெக்டர், பாட்லக். விங்ஸுக்குப் பதில் சிக்கன் 65, ஒரு ட்ரே பிரியாணி, சைவர்களுக்குத் தனி ட்ரே, பிள்ளைகளுக்கு பீட்சா. செலவு குறைவு, குழந்தைகள் ஓடி விளையாடலாம், வயதான அம்மா அப்பாவும் உடன் இருக்கலாம்.

இரண்டு விஷயத்தில் வீடு பாரை அடித்துவிடும். ஒன்று விளம்பரங்கள். 2025இல் 30 நொடிக்கு 80 லட்சம் டாலர் வரை கொடுத்து வாங்கிய இடம் அது. வருடத்திலேயே அதிகம் உழைத்து எடுத்த விளம்பரங்கள் அன்றுதான் வரும். பாரில் ஒரு வசனம்கூடக் காதில் விழாது. ஹாஃப் டைம் ஷோவும் அப்படியே. ஆட்டத்தைவிட அந்தப் பாட்டுக்காகவே பார்க்கிறவர்கள் வீட்டில் இருங்கள். இரண்டாவது, ஒருதலைப்பட்சமான ஆட்டம். 2025இல் ஈகிள்ஸ் பாதி ஆட்டத்தில் 24-0 என்று முன்னிலையில் இருந்தது, கடைசியில் 40-22. நமக்கு அது திருவிழா. ஆனால் சம்பந்தமில்லாத இரண்டு அணிகள் அப்படி ஆடினால், பாரில் எட்டு மணிக்கே அலுத்துவிடும். வீட்டில் கேரம் போர்டாவது எடுத்துப் போடலாம்.

குறை என்ன? வீட்டு பார்ட்டியில் ஆட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆண்கள் பேஸ்மென்ட்டில் வீட்டு விலையும் கிரீன் கார்டும் பேசுவார்கள். பெண்கள் மேலே அடுக்களையில் ட்ரே சூடு பண்ணிக்கொண்டு இருப்பார்கள். ஆட்டம் பிடித்த பெண்ணுக்குக்கூட மூன்று பிளே சேர்ந்தாற்போல் பார்க்க வாய்ப்புக் கிடைக்காது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். சரி செய்வது கடினமில்லை. சாப்பாடு முழுவதும் ஐந்தரை மணிக்கே மேஜைக்கு வந்துவிட வேண்டும், காகிதத் தட்டு, யாருக்கு வேண்டுமோ அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். ஹாஃப் டைமில் துடைத்து அடுக்குவது ஆண்கள் வேலை. டிவி இருக்கும் அறை பார்க்கிறவர்களுக்கு மட்டும், பேசுகிறவர்களுக்கு வேறு அறை.

பிள்ளைகளையும் ஆட்டத்துக்குள் இழுக்க ஸ்குவேர்ஸ் கட்டம் போடுங்கள். பத்துக்குப் பத்து, 100 கட்டம். ஒவ்வொருவரும் பெயர் எழுதிய பிறகு, மேலே ஒரு அணிக்கும் பக்கவாட்டில் மற்ற அணிக்கும் 0 முதல் 9 வரை சீட்டுக் குலுக்கி எழுதுங்கள். ஒவ்வொரு குவார்ட்டர் முடிவிலும் இரண்டு அணிகளின் ஸ்கோரின் கடைசி இலக்கம் சந்திக்கும் கட்டம் ஜெயிக்கும். 2025இல் முதல் குவார்ட்டர் முடிவில் 7-0, ஆகவே 7ம் 0வும். ஆட்ட முடிவில் 40-22, ஆகவே 0வும் 2ம். பார்களில் பணம் வைத்து ஆடுவார்கள். வீட்டில் சாக்லேட் போதும், எட்டு வயதுப் பிள்ளை, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு மூன்று பாயின்ட் என்று தானாகக் கற்றுக்கொள்ளும்.

ஒரு தொழில்நுட்ப எச்சரிக்கை. ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் படம் அரை நிமிடம், சில சமயம் அதற்கும் மேல் தாமதமாக வரும். பக்கத்து வீட்டுக் கூச்சலும் ஊரிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தியும் டச் டவுனை முன்பே சொல்லிவிடும். ஆன்டெனாவில் பிடித்தால் இந்தத் தொல்லை குறைவு, காசும் இல்லை. 2027 ஆட்டம் ஏபிசி, ஈஎஸ்பிஎன் இரண்டிலும் வருகிறது. பிலடெல்பியாவில் ஏபிசி என்றால் ஆறாம் சேனல். அது இன்னும் பழைய விஎச்எஃப் அலைவரிசையில்தான் ஒளிபரப்பாகிறது. ஜன்னலில் ஒட்டும் தட்டையான ஆன்டெனா பலவற்றில் அது மட்டும் சரியாக விழாது. ஒரு வாரம் முன்பே வைத்துப் பாருங்கள்.

மது வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். பென்சில்வேனியாவில் விஸ்கி, ஓட்கா எல்லாம் பெரும்பாலும் மாநில அரசுக் கடையில்தான், ஞாயிறன்று நேரம் குறைவு. சூப்பர் மார்க்கெட்டில் பீர் ஒரு பில்லுக்கு 192 அவுன்ஸ் வரைதான் கொடுப்பார்கள்.

டிக்கெட் பார்ட்டியும் செயின் ஸ்போர்ட்ஸ் பாரும்

டவுன்டவுனில் பெரிய பார்கள் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் விற்கும். ஓப்பன் பார், பஃபே, டிஜே, சுவர் அளவு திரை. விளம்பரத்தில் 'பிக் கேம் பார்ட்டி' என்று இருக்கும். சூப்பர் பவுல் என்ற பெயர் என்எஃப்எல்லின் டிரேட்மார்க் என்பதால் அப்படிப் போடுகிறார்கள், தேடும்போது அதையும் போட்டுத் தேடுங்கள். இங்கே வருகிறவர்களில் நிறையப் பேருக்கு ஆட்டம் ஒரு சாக்கு. பிளேக்கும் பிளேக்கும் நடுவில் டிஜே பாட்டு போடுவார், பக்கத்து ஆளிடம் பேச முடியாது. அந்த 40 நொடி இங்கே வீணாகிறது. ஓப்பன் பார் என்பதால் கொடுத்த காசுக்குக் குடித்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணமும் வரும். கல்யாணமாகாத இளைஞர்கள் எட்டுப் பத்துப் பேர், எல்லோருக்கும் உறுதியான மேஜை வேண்டும், ஆட்டத்தைவிட ஆட்டம்பாட்டம் முக்கியம் என்றால் போகலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

புறநகர் செயின் ஸ்போர்ட்ஸ் பார் நடுவழி. பிள்ளைகளை உட்கார வைக்க மேஜை உண்டு, திரைகள் நிறைய, பார்க்கிங் சுலபம். தெருமுனை பாரின் நெருக்கம் இருக்காது. ஆனால் பதினொரு வயது மகளோடு ஈகிள்ஸ் ஆட்டத்தைக் கூட்டத்தில் பார்க்க ஆசை என்றால் இதுதான் வழி. இந்த முறை காதலர் தினம் என்பதால் மேஜை கிடைப்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.

திரும்பி வருவது

எங்கே பார்த்தாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். பென்சில்வேனியாவில் ரத்தத்தில் மது அளவு 0.08 சதவீதம் சட்ட எல்லை. விசாவில் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரியது. குடித்து ஓட்டியதாகக் கைதானாலே போதும், தண்டனை இல்லாமலே விசாவை ரத்து செய்ய வெளியுறவுத் துறைக்கு 2015 முதல் வழிகாட்டு விதி இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போனால் திரும்பி வருவது சிக்கலாகிவிடும். வீட்டு பார்ட்டியில்தான் இந்த எச்சரிக்கை அதிகம் தேவை. பாருக்குப் போகிறவர்கள் ஊபர் என்று முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். நண்பர் வீட்டில் "பத்து நிமிஷ டிரைவ்தானே" என்று சாவியை எடுக்கிறோம். குழுவில் குடிக்காத ஒருவரை முதலிலேயே பேசி வையுங்கள், அல்லது அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள். மறுநாள்தான் லீவாயிற்றே.

இறுதிக்கு யார் வருகிறார்கள் என்பது இரண்டு வாரம் முன்பே தெரிந்துவிடும். ஈகிள்ஸ் வந்துவிட்டால் மறுநாள் திங்கட்கிழமையே உங்கள் பக்கத்து பாருக்கு ஃபோன் செய்யுங்கள். ஆட்டத்தின் சத்தத்தை வைப்பார்களா, கிச்சன் கடைசி வரை திறந்திருக்குமா, எத்தனை மணிக்கு வந்தால் உட்கார இடம் கிடைக்கும், 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களை எந்த நேரம் வரை விடுவார்கள் என்று கேளுங்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாட்டு போடுவோம் என்று சொன்னால், அடுத்த தெரு பாருக்கு அடியுங்கள்.